ஏஷியன் ஹேண்டிகேப் -0.75: ஜெயிச்சும் காசு குறையுதே?

கேள்வி: இங்கிலாந்து ஃபுட்பால் மேட்ச். ஏஷியன் ஹேண்டிகேப் பெட் (நம்ம டீமோட கோல்ல இருந்து ஒரு அளவு கழிச்சுப் பாக்குற பந்தயம்) -0.75, ஆட்ஸ் (ஜெயிச்சா போட்ட காசு எத்தனை மடங்கா வரும்ங்கிற எண்) 1.90, போட்டது 20 பவுண்டு. டீம் 1-0 ஜெயிச்சும் 29 பவுண்டுதான் வந்துச்சு. 38 வரணுமில்ல?

பதில்: 29 சரிதாங்க. -0.75ன்னா காசு ரெண்டா பிரியும்: 10 பவுண்டு -0.5ல, 10 பவுண்டு -1ல. ஒரு கோல் வித்தியாசத்துல -0.5ல போட்ட 10 ஜெயிச்சு 19 ஆகுது. -1ல ஒரு கோல் கழிச்சா சமன், போட்ட 10 அப்படியே திரும்பும். ரெண்டு கோல் வித்தியாசம்னா 38. டிரா ஆனா மொத்தமும் அவுட்.

பதில்: 1.90ல போட்ட காசும் அடக்கம். பழைய பிரிட்டிஷ் கணக்குல இதையே 9/10னு எழுதுவாங்க, அது வெறும் லாபம். இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. ரெண்டு பக்கமும் 1.90ன்னா ஒவ்வொண்ணுக்கும் ஆட்ஸ் காட்டுற ஜெயிக்கிற வாய்ப்பு 52.6% (1 ÷ 1.90), கூட்டினா 105ஐத் தாண்டும். 100க்கு மேல உள்ளதுதான் ஓவர்ரவுண்ட், புக்கி (பந்தயம் நடத்துறவர்) சம்பாதிக்கிற இடம்.

பதில்: கப் மேட்ச்னா கவனம். பொதுவா 90 நிமிஷமும் இஞ்சுரி டைமும்தான் கணக்கு. எக்ஸ்ட்ரா டைம் கோல் சேராது.