சர்க்கரையேறிய ஹீமோகுளோபின்: ‘ஏறிய’வா, ‘ஏற்றப்பட்ட’வா?

அனைவருக்கும் வணக்கம்.

நீரிழிவைக் கண்டறிய இரத்தத்தில் அளக்கும் ‘ஏ1சி’ ஒரு glycated haemoglobin, அதாவது சர்க்கரை சேர்ந்த ஹீமோகுளோபின். இந்த ஆங்கிலப் பெயருக்குத் தமிழில் வந்த ‘சர்க்கரை ஏற்றப்பட்ட ஹீமோகுளோபின்’ என்ற பரிந்துரையில் ‘ஏற்றப்பட்ட’ வேண்டாம் என்பேன். ஏற்றுவதற்கு ஒரு கை வேண்டும். உயிரணுவில் நொதிகள் புரதத்தின் குறிப்பிட்ட இடம் பார்த்துச் சர்க்கரையைப் பொருத்துகின்றனவே, அது ஏற்றுதல். ஏ1சி-யில் நொதிக்கு வேலையே இல்லை. சிவப்பணுவுக்குள் புகுந்த குளுக்கோஸ், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையிலுள்ள வாலின் என்னும் அமினோ அமிலத்தில் தானாகச் சேர்கிறது. ஆகவே இதற்குத் தன்வினை, சர்க்கரையேறுதல். நொதி செய்வதற்குப் பிறவினை, சர்க்கரையேற்றுதல். ஆங்கிலத்தில் glycation, glycosylation என நெடுங்காலம் குழம்பிக் கிடந்த இரண்டையும் பிரிக்க நமக்கு ஒரு ‘ற்’ போதும்.

‘சர்க்கரை ஒட்டிய’ என்ற இன்னொரு பரிந்துரையும் பொருந்தாது. சர்க்கரை சேர்ந்ததும் முதலில் உண்டாகும் ஷிஃப் காரம் என்னும் தற்காலிகப் பிணைப்பு மறுபடி கழன்றுவிடக்கூடியது. அது மெல்ல அமடோரி மாற்றம் என்னும் உள்ளமைப்பு மாற்றம் அடைந்த பிறகே நிலைக்கிறது. நாம் அளக்க வேண்டியது நிலைத்ததை மட்டும். கழலும் பகுதியும் கணக்கில் சேர்ந்தால், அந்த நேரத்துச் சர்க்கரை அளவுக்கேற்ப எண் கூடிவிடும். இந்தக் கழலும் பகுதியைக் ‘கழல்வகை’ எனலாம்.

ஏ1சி-யைக் குறிக்கும் ‘மூன்று மாதச் சராசரி’ நோயாளியிடம் பேச நல்ல சொல், கலைச்சொல்லாகாது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்தாலும், கடைசி ஒரு மாதத்தின் பங்கே ஏறக்குறையப் பாதி.

மறுமொழி:

ஐயா, ‘ஏறிய’ எனக்கும் சம்மதம். ஆனால் ‘சர்க்கரையேற்றம்’ என்று யாரும் சுருக்கிவிடக் கூடாது. இரத்தத்தில் சர்க்கரை கூடியதாகத்தான் படிப்பார்கள்.

ஆய்வக அறிக்கையில் ‘ஏ1சி’யும் உடன் வர வேண்டும். அளக்கும் முறைகளில் போரோனேட் முறை, ஹீமோகுளோபினின் எந்த இடத்தில் சர்க்கரை ஏறியிருந்தாலும் பிடிக்கும். அயனிப் பரிமாற்ற எச்பிஎல்சி (மின்னேற்ற வேறுபாட்டால் பிரிக்கும் கருவிமுறை) ஏ1சி-யை வரைபடத்தில் தனி முகடாகப் பிரிக்கும். எஸ், ஈ போன்ற, மரபு வழி வரும் மாற்றுரு ஹீமோகுளோபின் இருந்தால் அந்த முகடு குழம்பலாம். ‘சர்க்கரையேறிய ஹீமோகுளோபின்’ என்ற பொதுச்சொல் வேறு, ஏ1சி வேறு.

மாதிரியை ‘முழு இரத்தம்’ என்றே எழுத வேண்டும். ஹீமோகுளோபின் சிவப்பணுவுக்குள் இருப்பதால், அணுக்கள் நீங்கிய தெளிநீரான சீரம் உதவாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில் எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். உறைகட்டி தென்பட்டால் மறுபடி எடுப்பதுதான் வழி. வெறும் வயிறு தேவையில்லை. அன்றே பரிசோதிக்க முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கலாம்.

அலகை விடவே கூடாது. நீரிழிவு என்று முடிவுசெய்யும் 6.5 விழுக்காடும் 48 மில்லிமோல்/மோலும் ஒரே அளவு.

இன்னும் இரண்டு சொற்கள் பட்டியலில் சேரட்டும். இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் சர்க்கரை கூடாமலே ஏ1சி கூடலாம்: பொய்யுயர்வு. சிவப்பணு சீக்கிரம் சிதையும் நோயில் ஏறுவதற்கான காலமே குறைவு: பொய்த்தாழ்வு. அறிக்கையின் குறிப்புப் பகுதிக்கு இவை கட்டாயம் வேண்டும்.