டெசி தரவு வந்த பிறகும் ‘பிரபஞ்சம் என்றென்றும் விரியும்’ என்று அடித்துச் சொல்லலாமா?

நெடுவானம்:
பள்ளிப் பாடம் முதல் யூடியூப் வரை ஒரே பல்லவிதான்: விரிவை முடுக்கும் இருள் ஆற்றல் மாறாது, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போய்க் குளிர்ந்து இருண்டு போகும். 2025 மார்ச்சில் டெசி குழு (கேலக்ஸிகளை அளந்து இருள் ஆற்றலை ஆராய்பவர்கள்) மூன்றாண்டுத் தரவை வெளியிட்ட பிறகும் இதையே சொல்லிக்கொண்டிருப்பது சரியா?

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாக: அரிசோனாவின் கிட் பீக்கில் இருக்கும் 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் 5000 ஒளியிழைகள். ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ரோபோ நகர்த்தி ஒரு கேலக்ஸிக்கு நேராக நிறுத்தும். இப்படி 1.4 கோடிக்கும் மேற்பட்ட கேலக்ஸி, குவாசர்களின் (கருந்துளையால் ஒளிரும் கேலக்ஸி மையங்கள்) செம்பெயர்ச்சியை, அதாவது ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை, அளந்திருக்கிறார்கள். அது கூடக் கூட நாம் பார்ப்பது தொலைவு, பழமை. ஆதி பிளாஸ்மாவில் ஓடிய ஒலியலைகள் பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயதானபோது நின்றுபோயின. அவை விட்டுச்சென்ற தடம் இன்றைய அளவில் 147 மெகாபார்செக், ஏறக்குறைய 48 கோடி ஒளியாண்டு. கேலக்ஸிகளுக்கு நடுவே இந்த இடைவெளி மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தென்படும். ஒவ்வொரு செம்பெயர்ச்சியிலும் இது வானில் எத்தனை பாகை தெரிகிறது என்று பார்த்தால், எப்போது எவ்வளவு வேகத்தில் விரிந்தது என்பது கைக்கு வந்துவிடும்.

இருள் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம்தான் டபிள்யூ. ஆற்றல் மாறிலி என்றால் அது எப்போதும் −1. டெசியோடு நுண்ணலைப் பின்னணியை (ஆதி பிரபஞ்சம் விட்டுச்சென்ற ஒளி) மட்டும் சேர்த்தாலே மாறும் டபிள்யூ பக்கம் 3.1 சிக்மா சாய்வு. சிக்மா கூடக் கூட அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும், 5 வந்தால்தான் கண்டுபிடிப்பு என்பார்கள். தூரம் அளக்க உதவும் சூப்பர்நோவா வெடிப்புகளையும் சேர்த்தால், எந்தத் தொகுப்பு என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 வரை. இன்றைய மதிப்பு −0.75-ஐ ஒட்டி வருகிறது. ஆக, இருள் ஆற்றல் தளர்கிறது. அது பூஜ்யத்துக்கும் கீழே இறங்கினால் விரிவு நின்று சுருக்கம் தொடங்கும்.

லாம்டா காவலன்:
தரவு சொல்வது ஒன்று, அதைப் பிடித்து நீங்கள் எதிர்காலத்துக்கு இழுப்பது வேறொன்று.

டெசி பொருத்திப் பார்க்கும் வாய்பாடு இது: டபிள்யூ = இன்றைய மதிப்பு + சரிவு × (1 − அளவு). அளவு என்பது இன்றோடு ஒப்பிட்டால் பிரபஞ்சம் எத்தனை மடங்கு என்பது, இன்று அது 1. 4.2 சிக்மா தரும் கூட்டணியில் இன்றைய மதிப்பு −0.752, சரிவு −0.86. பிரபஞ்சம் இரட்டிப்பாகும் நாளுக்குப் போட்டுப் பாருங்கள்: −0.752 + 0.86 = +0.11. இருள் ஆற்றல் சாதாரணப் பொருளைவிட வேகமாக நீர்த்துப்போகும் என்று அர்த்தம் வருகிறது. இதை எந்த இயற்பியலும் கேட்கவில்லை. கடந்தகாலத் தரவுக்குக் கோடு போட வைத்த வாய்பாடு அது, அவ்வளவுதான்.

அதே எண்களைப் பின்னோக்கி ஓட்டினால் செம்பெயர்ச்சி 0.4 வாக்கில் டபிள்யூ −1 கோட்டைக் கடக்கிறது. அதற்கு முன் −1-க்கும் கீழே. அதாவது விரிய விரிய இருள் ஆற்றல் அடர்ந்துகொண்டே வந்து, பிறகு மனம் மாறி நீர்க்கத் தொடங்கியதாம். சாதாரணமான ஒற்றை ஸ்கேலார் புலத்தால் (ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஓர் எண்ணால் குறிக்கப்படும் புலம், இருள் ஆற்றலுக்கு எளிய மாதிரி) அந்தக் கோட்டைத் தாண்டவே முடியாது.

இன்னொன்று. டபிள்யூ எவ்வளவு ஏறினாலும் அடர்த்தி பூஜ்யத்தை நெருங்குமே தவிர அதற்குக் கீழே போகாது. தட்டையான பிரபஞ்சத்தில் டபிள்யூ −⅓-ஐத் தாண்டினால் விரிவு வேகம் குறையும், நிற்காது. ‘தளர்கிறது, ஆகவே சுருங்கும்’ என்பதில் நடுவே ஒரு படி காணவில்லை.

நெடுவானம்:
அந்தப் படி இருக்கிறது. வாய்பாட்டை நீட்டிச் சொல்லவில்லை, புலத்தை மனதில் வைத்துச் சொன்னேன். நிலையாற்றல் சரிந்து எதிர்மறைப் பகுதிக்குள் போகிற மாதிரி ஒரு புலம் இருந்தால், ஒரு கட்டத்தில் அந்த எதிர்மறை ஆற்றல் மிச்சமிருக்கும் பொருளின் அடர்த்தியையும் புலத்தின் இயக்க ஆற்றலையும் சரிக்கட்டிவிடும். மொத்த அடர்த்தி பூஜ்யமானால் ஹப்பிள் வேகமும், அதாவது விரிவு வேகமும், பூஜ்யம். தட்டையான பிரபஞ்சமே ஆனாலும் அங்கிருந்து திரும்பத்தான் வேண்டும். இது நடக்கும் என்று சொல்லவில்லை. டெசி தரவு இதை விலக்கவில்லை, அப்படியிருக்க ‘என்றென்றும்’ என்ற சொல் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் தொடாமல் விட்டது நியூட்ரினோ என்ற மிக இலேசான துகள். லாம்டா, அதாவது மாறிலியான இருள் ஆற்றல், மாறாது என்று வைத்துக்கொண்டு டெசியையும் நுண்ணலைப் பின்னணியையும் சேர்த்தால், மூன்று நியூட்ரினோக்களின் மொத்த நிறை 0.064 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆய்வக அலைவுச் சோதனைகள் (நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொன்றாக மாறுவதை அளப்பவை) குறைந்தது 0.059 வேண்டும் என்கின்றன. வரம்பு நூலிழையில் தப்பிக்கிறது. பொருத்தத்தை அதன் போக்கில் விட்டால் மிகப் பொருந்தும் மதிப்பு, இருக்கவே முடியாத எதிர்மறை நிறையில் போய் நிற்கிறது. டபிள்யூவை மாறவிட்டால் வரம்பு 0.16-க்குத் தளர்ந்து இந்தச் சிக்கல் மறைகிறது. இதில் சூப்பர்நோவாவுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முகில்:
சூப்பர்நோவா பற்றிக் கொஞ்சம். மூன்று தொகுப்பு: பாந்தியன் பிளஸ் 2.8 சிக்மா, யூனியன் 3.8, டார்க் எனர்ஜி சர்வே 4.2. வெடிப்புகளில் பல பொதுவானவை. அப்படியும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தூரத்துச் சூப்பர்நோவாக்களை டார்க் எனர்ஜி சர்வே ஒரே கேமராவில் பிடித்தது. பக்கத்தில் இருப்பவை, அதாவது செம்பெயர்ச்சி 0.1-க்குள் வருபவை, பழைய பல தொலைநோக்கிகளில், பல வடிகட்டிகளில் பிடிக்கப்பட்டவை. டபிள்யூ மாறுகிறதா என்பது இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுத்தான் வருகிறது. நடுவே அளவுத்திருத்தம் வழுக்கினால் முடிவும் வழுக்கும். வானியலாளர் ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியோ சுட்டிக்காட்டியது இதைத்தான்: பாந்தியன் பிளஸ், டார்க் எனர்ஜி சர்வே இரண்டிலும் உள்ள அதே வெடிப்புகளை ஒப்பிட்டால், அருகிலும் தொலைவிலும் உள்ளவற்றுக்கு இடையே 0.04 மேக்னிட்யூட் (பிரகாசத்தின் அளவுகோல்) இடறுகிறது. தூரத்தில் இது 2 சதவீதம்கூட இல்லை. ஆனால் நாம் தேடும் சமிக்ஞையும் அதே அளவுதான். பெரும்பகுதி தேர்வுச் சாய்வுத் திருத்தத்தை (பிரகாசமானவையே அதிகம் கண்ணில் படுவதைச் சரிசெய்வது) மேம்படுத்தியதால் வந்தது என்று டார்க் எனர்ஜி சர்வே குழு பதில் சொன்னது. பிறகு 2025 இறுதியில் அவர்களே அளவுத்திருத்தத்தை மறுபடி செய்தபோது 4.2 என்பது 3.2 ஆனது.

3.2-ஐ ஒன்றுமில்லை என்று ஒதுக்க முடியாது. கண்டுபிடிப்பு என்று மாலை போடவும் முடியாது.

ஐயம்பெருமாள்:
எல்லாரும் கிளையில் நின்று சண்டை போடுகிறீர்கள், வேரைப் பார்க்கவில்லை. செம்பெயர்ச்சி என்றாலே விரிவு என்று யார் சொன்னது? 1929-லேயே வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி, ஒளி வரும் வழியில் ஆற்றல் இழக்கலாம் என்றார், ‘களைத்த ஒளி’ என்பது இதுதான். நுண்ணலைப் பின்னணிக்கும் மாற்று விளக்கம் உண்டு. இருக்கிற ஹீலியம் முழுவதும் நட்சத்திரத்தில் வெந்தது என்று வைத்து, வெளிவந்த ஆற்றலைக் கணக்கிட்டால் பின்னணிக் கதிர்வீச்சின் ஆற்றல் அடர்த்தியோடு ஒத்துப்போகிறது. ஹாயில், பர்பிட்ஜ், நார்லிகர் மூவரும் 1993-ல் முன்வைத்த அரைநிலைப் பிரபஞ்சத்தில், அந்த நட்சத்திர ஒளியை ஊசி வடிவ இரும்புத் துகள்கள் உறிஞ்சி நுண்ணலையாக உமிழ்கின்றன. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. சுமார் 5000 கோடி ஆண்டுக்கு ஒரு சுழற்சி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வேறு பெருவெடிப்புக்கு 30 கோடி ஆண்டுக்குள் முற்றிய கேலக்ஸிகளைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

நியூட்ரான் நாட்டாமை:
வெப் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிறத்தை மட்டும் வைத்துச் செம்பெயர்ச்சி 16 என்று பரபரப்பாகப் பேசப்பட்ட ஒரு பொருள், நிறமாலை எடுத்ததும் 4.9-க்கு இறங்கியது, பலமான உமிழ்கோடுகள் வடிகட்டிகளில் விழுந்து ஏமாற்றிவிட்டன. 14-ல் உறுதியானவை சில உண்டு. அவை நட்சத்திரம் எவ்வளவு வேகமாகப் பிறந்தது என்ற கேள்வியை எழுப்புகின்றன, பிரபஞ்சத்தின் வயதை அசைக்கவில்லை.

களைத்த ஒளிக்கு வருகிறேன். வழியில் ஆற்றலை மட்டும் இழந்தால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை குறையாது. கரும்பொருள் நிறமாலை (ஒரே வெப்பநிலையில் உள்ள பொருள் உமிழும் ஒளியின் வடிவம்) அதன் வடிவத்திலேயே குளிர வேண்டுமானால், ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் குறைய வேண்டும், கன அளவுக்கு எத்தனை என்ற எண்ணிக்கையும் அதன் மூன்றாம் அடுக்கில் குறைய வேண்டும். விரிவில் இரண்டும் தானாக நடக்கும். கோபே விண்கலம் அளந்த 2.725 கெல்வின் நிறமாலை, உச்சத்தில் பத்து லட்சத்தில் 50 பங்குக்குள் கரும்பொருள் வளைவோடு ஒட்டியிருக்கிறது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தூரத்தில் உமிழ்ந்ததைக் கலந்து இப்படி ஒரு வளைவை எடுப்பது கிட்டத்தட்ட ஆகாத காரியம்.

விரிவு நேரத்தையும் நீட்டும். செம்பெயர்ச்சி 1-ல் இருக்கும் ஒன்ஏ வகைச் சூப்பர்நோவா ஏறி இறங்க இரண்டு மடங்கு நாள் எடுக்க வேண்டும். களைத்த ஒளியில் அப்படி எதுவும் இல்லை. டார்க் எனர்ஜி சர்வேயின் 1504 சூப்பர்நோவாவில் பார்த்தார்கள்: (1 + செம்பெயர்ச்சி) என்பதன் அடுக்கு 1.003, பிழை ±0.005. விரிவு கேட்பது 1, களைத்த ஒளி கேட்பது 0.

வெப்பநிலையும் அப்படியே. செம்பெயர்ச்சி 2.418-ல் உள்ள ஒரு வாயு மேகத்தில் கார்பன் மோனாக்சைடின் சுழற்சி நிலைகள் எப்படி நிரம்பியிருக்கின்றன என்று 2008-ல் ஸ்ரீஆனந்த் குழு அளந்தது. அந்த மேகத்தைச் சூழ்ந்த கதிர்வீச்சு 9.15 கெல்வின், பிழை சுமார் 0.7. விரிவுக் கணக்கு: 2.725 × 3.418 = 9.31. அந்த ஸ்ரீஆனந்த் பணியாற்றுவது புனேயின் ஐயூக்கா வானியல் மையத்தில். அதை நிறுவியவரே நார்லிகர்தான்.

ஐயம்பெருமாள்:
சரி, வெப்பநிலை ஏறியிருக்கலாம். ‘தொடக்கம்’ என்பதற்கு அது சாட்சியாகுமா? ஹீலியம் நட்சத்திரத்திலும் உண்டாகிறது. லித்தியக் கணக்கு உதைப்பது ஊரறிந்தது.

நியூட்ரான் நாட்டாமை:
ஹீலியத்தைவிட டியூட்டீரியம் (கருவில் ஒரு நியூட்ரான் கூடிய ஹைட்ரஜன்) நல்ல சாட்சி. நட்சத்திரம் அதை எரிக்கும், மிச்சம் வைக்காது. ஒரு லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்கு இரண்டரை டியூட்டீரியம் என்ற அளவைச் செய்ய வேறு அடுப்பு கிடையாது.

கணக்கு இப்படிப் போகும். முதல் விநாடி வாக்கில் சுமார் 1000 கோடி கெல்வின். நியூட்ரானும் புரோட்டானும் ஒன்று மற்றொன்றாக மாறும் வினை விரிவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றுபோகிறது, விகிதம் 1:6. டியூட்டீரியத்தின் பிணைப்பு 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். ஒரு பேரியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரான்) 160 கோடி ஃபோட்டான் என்பதால், சராசரி ஆற்றல் குறைந்த பிறகும் வாலில் இருக்கும் வலுவான ஃபோட்டான்களே அதை உடைத்துக்கொண்டிருக்கும். 100 கோடி கெல்வினுக்குக் கீழே வந்தால்தான் தப்பிக்கும். அதற்குச் சில நிமிடம் ஆகிவிடுகிறது, அதற்குள் நியூட்ரான் சிதைந்து 1:7. பதினாறு துகளில் 2 நியூட்ரான், 14 புரோட்டான். ஒரு ஹீலியம் கரு நாலை எடுத்துக்கொள்ளும். நாலு பை பதினாறு, 25 சதவீதம்.

நியூட்ரானின் ஆயுளிலேயே சண்டை இருக்கிறது: குடுவைச் சோதனையில் 878 விநாடி, கற்றைச் சோதனையில் 888. அந்த 10 விநாடி ஹீலியப் பங்கை 0.002 அளவுக்குத்தான் அசைக்கும்.

லித்தியம் உதைக்கிறது, உண்மை. கணக்கு சொல்வதில் மூன்றில் ஒரு பங்குதான் பழைய நட்சத்திரங்களின் மேற்பரப்பில் தெரிகிறது. லித்தியம் உள்ளே இறங்கி எரிந்ததா, அணுவினை வேகங்களில் ஓட்டையா, புது இயற்பியலா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் டியூட்டீரியம் கேட்கும் பேரியான் அடர்த்தியும், 3,80,000 ஆண்டு கழித்து நுண்ணலைப் பின்னணியின் ஒலி உச்சங்கள் கேட்கும் அடர்த்தியும் ஒன்றாக வருகின்றன. இரண்டுக்கும் தொடர்பே இல்லாத இயற்பியல்.

‘தொடக்கம்’ பற்றி நான் வாயே திறக்கவில்லை. சூடான, அடர்ந்த நிலை ஒன்று இருந்தது, அதன் முதல் விநாடி வரை சான்று கிடைக்கிறது. அதற்கு முன் உப்பல் (கண நேரத்தில் அசுர விரிவு) நடந்ததா, துள்ளலா (முந்தைய சுருக்கத்திலிருந்து மீண்டது), வேறெதுவுமா என்பது தனி வழக்கு. 2014-ல் பைசெப் குழு உப்பலின் ஈர்ப்பலைத் தடம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தது, ஈர்ப்பலைக்கும் அடர்த்தி அலைக்கும் உள்ள விகிதம் 0.2. பார்த்தது 150 கிகாஹெர்ட்சில் மட்டும். பிளாங்க் விண்கலம் 353 கிகாஹெர்ட்சில் நம் பால்வீதித் தூசியை அளந்துவைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் சமிக்ஞை தூசியாய்ப் போனது. 2021-ல் அந்த விகிதத்தின் உச்சவரம்பு 0.036.

தேன்மொழி:
குறுக்கே ஒரு கேள்வி. டபிள்யூ −1-க்குக் கீழே போனால் பெருங்கிழிவு (விரிவு எல்லாவற்றையும் கிழித்துச் சிதறடிப்பது) என்கிறார்களே, டெசி அதையும் சேர்த்துத்தானே சொல்கிறது?

லாம்டா காவலன்:
இல்லை. கிழிவுக்கு டபிள்யூ எதிர்காலத்தில் −1-க்குக் கீழேயே தங்கவேண்டும். டெசி சாய்வு நேர்மாறு: முன்பு கீழே, இப்போது மேலே. 2003-ல் கால்டுவெல் குழு −1.5 என்று வைத்துப் போட்ட கணக்கில்தான் இன்னும் 2200 கோடி ஆண்டில் கிழிவு. அதற்கு 6 கோடி ஆண்டு முன் பால்வீதி, 3 மாதம் முன் சூரியக் குடும்பம், 30 நிமிடம் முன் பூமி. அந்த −1.5 இன்று எந்தத் தரவுக்கும் பொருந்தாது.

நெடுவானத்துக்கு: நியூட்ரினோ வாதம்தான் உங்கள் பக்கத்தில் பலமானது. ஆனால் அது ‘டாவ்’ என்ற ஒற்றை எண்ணின் தோளில் நிற்கிறது. முதல் நட்சத்திரங்கள் ஹைட்ரஜனை மறுபடி அயனியாக்கிய பிறகு, நுண்ணலைப் பின்னணி ஒளி வழியில் எவ்வளவு சிதறியது என்பதுதான் டாவ். பிளாங்க் மதிப்பு 0.054 ± 0.007. அது 0.09 ஆக இருந்தால் எதிர்மறை நிறையும் போகும், மாறும் டபிள்யூவின் சாய்வும் பெருமளவு வடியும்.

நெடுவானம்:
0.054-லிருந்து 0.09-க்குப் போக பிளாங்க் 5 சிக்மா தப்பு செய்திருக்க வேண்டும். 3 சிக்மாவை நம்பமாட்டேன் என்பவர் 5 சிக்மாவைத் தூக்கி எறிவது எந்த ஊர் நியாயம்?

முகில்:
சிக்மாவை எண்ணினால் போதாது, பிழை எங்கிருந்து வரலாம் என்றும் பார்க்கவேண்டும். டாவ் வருவது வானம் முழுக்க விரிந்த மிகப் பெரிய கோணங்களின் முனைவாக்கத்திலிருந்து (ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பது). பால்வீதித் தூசியும், கருவியின் மெல்லிய நகர்வும் அதே கோணத்தில்தான் தொல்லை தரும். அந்த ±0.007-க்குள் அடங்காத பிழைக்கு அங்கே இடம் உண்டு. உண்டு என்பதாலேயே 5 சிக்மா பிழை நடந்திருக்கிறது என்றும் ஆகாது. சிலியின் அட்டகாமாவில் கிளாஸ் தொலைநோக்கிகள் தரையிலிருந்தே இதை அளக்கின்றன. ஜப்பானின் லைட்பேர்ட் விண்கலம் பறந்தால் பிழை 0.002 ஆகும்.

லாம்டா காவலன்:
அந்த 0.002 வந்தபோதும் டாவ் 0.054-லேயே நின்றால், நியூட்ரினோ விஷயத்தில் லாம்டாவுக்கு என் காவல் வாபஸ். சுருங்கும் பிரபஞ்சத்துக்கு அப்போதும் கையெழுத்துப் போடமாட்டேன்.

நெடுவானம்:
சுருங்கும் என்று கையெழுத்துக் கேட்கவில்லையே. ‘என்றென்றும்’ என்பதில் போட்ட கையெழுத்தை எடுங்கள் என்றுதான் கேட்டேன்.