மனநல மாத்திரை கேட்டு மனு குடுக்கணும், யாராவது வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் 9 வருஷமா பைபோலாருக்கு (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்) மாத்திரை சாப்பிடுறேன், எங்க ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரிலதான் வாங்குறது. ரெண்டு மாசமா அதுக்கான லித்தியம் மாத்திரை ஸ்டாக் இல்ல வெளிய வாங்கிக்கோங்கன்னு சீட்டு எழுதி குடுத்து அனுப்பிடுறாங்க, ஓபில கூட நிக்கிற நிறைய பேருக்கு கூலி வேலை, அவங்க எங்க போய் வாங்குவாங்க, பாதி பேர் மாத்திரைய நிறுத்தியே விட்டுட்டாங்க.

இதுல ஆறு பேர் சேர்ந்து (எல்லாருமே பேஷன்ட்தான், கூட வர்றவங்க இல்ல) திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம்னு இருக்கோம். 2017 மனநல பராமரிப்புச் சட்டத்துல பிரிவு 18ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்குற மாத்திரைய அரசு ஆஸ்பத்திரில இலவசமா எப்பவும் குடுக்கணும்னே இருக்கு. 2001ல ஏர்வாடி மனநல காப்பகத்துல சங்கிலில கட்டிப் போட்டிருந்த பேஷன்ட்டுங்க 28 பேர் தீயில செத்தாங்க, அதுக்கப்புறம் இவ்வளவு பேசியும் இன்னும் மாத்திரைக்கே நிக்க வேண்டியிருக்கு, அதான் கடுப்பு.

இப்ப கேள்வி என்னன்னா, மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (அந்த சட்டப்படி நம்ம மாதிரி பேஷன்ட் புகார விசாரிக்கிற அமைப்பு) யாராவது நேரடியா புகார் எழுதிருக்கீங்களா? வக்கீல் இல்லாம முடியுமா? ஸ்டாக் விவரத்துக்கு முதல்ல ஆர்டிஐ போடணுமா, இல்ல மனு குடுத்துட்டு போடலாமா?

இன்னொன்னு, எங்கள்ல ரெண்டு பேர் வீட்டுக்குத் தெரியாம வர்றாங்க, மனுல பேர் போடாம சேர்ந்துக்க ஏதாவது வழி இருக்கா? பழைய மனு மாதிரி இருந்தா பேர அழிச்சுட்டு போட்டோ போடுங்க ப்ளீஸ். "யோகா பண்ணுங்க" மட்டும் வேணாம் சாமி.