யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே லிங்க்ட்இனில் பெயர் எடுக்கலாமா?

திருநெல்வேலி_கிராபிக்ஸ்:
லோகோ, கலியாண அழைப்பிதழ் எல்லாம் செய்கிறேன். வேலை முழுக்கத் தெரிந்த ஆக்கள் மூலம்தான் வருகிறது. கொழும்பு, கனடா கம்பனிகளின் கண்ணில் பட என்ன செய்யலாம்? தினமும் ஏதாவது எழுத வேணுமா?

சுன்னாகம்_டெவ்:
தினமும் வேண்டாம் தம்பி. முதலில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியைப் பாருங்கோ, 220 எழுத்துக்கு இடம் இருக்கிறது, அதில் வெறுமனே 'டிசைனர்' என்று போட்டால் யார் தேடினாலும் நீங்கள் அகப்படமாட்டீர்கள், யாருக்கு என்ன செய்து கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கோ. அப்புறம், முடித்த லோகோவை மட்டும் போடாமல் முதல் கீறலில் இருந்து காட்டுங்கோ, வாடிக்கையாளர் எதை வேண்டாம் என்றார் என்பது உட்பட (அவரிடம் கேட்டுவிட்டுத்தான்!).

ஸ்காபரோ_அண்ணை:
இங்கே கனடாவில் கம்பனிக்கு ஆள் எடுக்கிறவன் நான். குறிப்பு இல்லாமல் வரும் இணைப்புக் கோரிக்கையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இரண்டு வரி போதும். ஆனால் எடுத்தவுடனே "வேலை இருக்கா அண்ணை" என்று கேட்காதேங்கோ.

நல்லூர்_வாசகி:
எல்லாரும் லிங்க்ட்இன் என்கிறீர்கள், அழைப்பிதழுக்கு ஆள் வருவது பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும்தான். யாழ் ஐரி ஹப் (இங்கத்தைய தொழில்நுட்ப ஆர்வலர் அமைப்பு) நிகழ்வுகளுக்கும் போய்ப் பாருங்கோ, நேரில் கதைத்தவரை அன்றிரவே இணைத்துவிடுங்கோ.

திருநெல்வேலி_கிராபிக்ஸ்:
சரி, தலைப்பை மாற்றிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதுவதா தமிழிலா?

சுன்னாகம்_டெவ்:
கனடா வேலைக்கு ஆங்கிலம், கலியாண வீட்டுக்குத் தமிழ்.