ஊழியப் படங்கள்: யார் பார்ப்பதற்காக?

கடுகுவிதை:
சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐந்து பேர் ஒரு படுக்கை நோயாளியைப் பார்க்கப் போனோம். ஜெபம் தொடங்குமுன் எங்களில் ஒருவர் கைபேசியை உயர்த்தினார். அந்தப் பெரியவர் அவசரமாகப் போர்வையை இழுத்து, கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையை மறைத்தார். பிறகு விரல்களாலேயே தலையை வாரிக்கொண்டார். நாங்கள் வீடு திரும்புமுன்பே படம் சபைக் குழுவுக்கு வந்துவிட்டது, 'தேவனுக்கே மகிமை' என்ற வரியோடு. நடுவில் நிற்பது நான். எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று இரவு மூன்று முறை பார்த்தேன். மத்தேயு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் இயேசு சொல்வது ஒரே எச்சரிக்கைதான்: மனுஷர் காணவேண்டுமென்று செய்யாதே. ஊழியப் படங்களை அடியோடு நிறுத்த வேண்டும் என்கிறேன்.

விளக்குத்தண்டு:
ஓர் அதிகாரம் முன்னால் திருப்புங்கள், சகோதரரே. அதே மலைப்பிரசங்கம்தான். மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்று 5:16 சொல்கிறது. காணாதவர்கள் எதை வைத்து மகிமைப்படுத்துவார்கள்? எங்கள் சபையில் மருத்துவமனை ஊழியத்துக்கு முன்பு இரண்டே பேர் போவோம். படம் போடத் தொடங்கிய பிறகு பதினொரு பேர். உங்கள் மனச்சாட்சி குத்துகிறது என்பதற்காக ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பவா?

கடுகுவிதை:
படம் எடுக்காத வாரத்திலும் அந்த ஒன்பது பேர் வருகிறார்களா? மாயக்காரர் 'தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது' என்று தமிழ் வேதாகமம் சொல்லும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருக்கும் வினைச்சொல் அக்காலத்துப் பற்றுச்சீட்டுகளில் எழுதப்பட்ட சொல். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை என்று பொருள். கைதட்டல் கிடைத்தது, கணக்கு தீர்ந்தது. பிதாவிடம் கேட்க அப்புறம் என்ன இருக்கிறது?

விளக்குத்தண்டு:
காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு காசு போட்ட ஏழை விதவையைச் சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டியவர் யார்?

கடுகுவிதை:
காட்டியவர் இயேசு. அவள் காட்டவில்லை. தன்னைப் பற்றிப் பேசினார்கள் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம்.

சபைக்கணக்கன்:
இடையில் ஒரு வார்த்தை. நான் பொருளாளர். எல்லாவற்றையும் அந்தரங்கமாகச் செய்தால் என் வேலை நாறிப்போகும். எருசலேம் சபையின் ஏழைகளுக்கான நன்கொடையை அப்போஸ்தலர் பவுல் தன் தனிப் பொறுப்பில் வைத்துக்கொள்ளவில்லை. தன் உடன் ஊழியர் தீத்துவோடு, சபைகள் தெரிந்துகொண்ட இன்னொரு சகோதரனையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க விரும்புகிறோம் என்று காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-இல் எழுதிவைத்தார். வலதுகை கொடுப்பதை இடதுகை அறியாமல் இருக்கட்டும், தணிக்கையாளர் அறிய வேண்டும். ரசீது வேறு, சுவரொட்டி வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

தவக்காலம்:
கத்தோலிக்கன் ஒருவனும் பேசலாமா? ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் காசியன் என்ற துறவி வீண்புகழ்ச்சியை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார். ஒரு தோலை உரித்தால் அடுத்த தோல். நல்ல உடை உடுத்திப் பெருமைப்படுபவன் ஒருவன். அதை விட்டுவிட்டுக் கந்தலைக் காட்டிப் பெருமைப்படுபவன் இன்னொருவன். படம் போடாதவன் என்று பெயர் எடுப்பதும் ஒரு தோல்தான். கடுகுவிதை அவர்களே, கோபப்படாதீர்கள். 'இரவு மூன்று முறை பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதிவுக்கு எத்தனை பாராட்டு வந்தது என்று பார்த்தீர்களா?

கடுகுவிதை:
22. பார்த்தேன்.

விளக்குத்தண்டு:
இதற்கு மேல் உங்களோடு சண்டை போட மனம் வரவில்லை. ஆனாலும் படங்களை நிறுத்தச் சம்மதிக்க மாட்டேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மேன்மைபாராட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, பவுல் தன் பலவீனத்தைச் சொன்னார். தமஸ்குவில் மதிலின் ஜன்னல் வழியே கூடையில் இறக்கப்பட்டுத் தப்பியதைச் சொன்னார். மூட்டையைப் போல இறக்கப்பட்டதைச் சொல்லிக் காட்ட எவனுக்கு மனம் வரும்? எங்களையும் ஒருமுறை ஒரு நோயாளி வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் மருந்தின் வலியில் இருந்தார், நாங்கள் உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் படம் இல்லை. அடுத்த வார அறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

சபைக்கணக்கன்:
அதை எழுதியிருந்தால் பதினொரு பேரும் மெதுவாகப் பாடக் கற்றிருப்பார்கள். அது கிடக்கட்டும். கடுகுவிதை, அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார்? நாம் இத்தனை பேசியும் ஒருவரும் கேட்கவில்லையே.

கடுகுவிதை:
நேற்று மாலை தனியாகப் போனேன். கைபேசியை வேண்டுமென்றே வெளியில் எடுக்கவில்லை. சட்டை மாற்றி, தலை வாரித் தயாராக உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடிந்ததும், "இன்றைக்குப் படம் எடுக்கவில்லையா, தம்பி?" என்று கேட்டார். போன வாரப் படம் எப்படியோ அவருடைய மகனின் கண்ணில் பட்டிருக்கிறது. வெகு நாட்களுக்குப் பிறகு அவன் கூப்பிட்டுப் பேசினானாம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பையைப் போர்வைக்குள் தள்ளிவிட்டு, அவரை மட்டும் எடுத்து, மகனுக்கு மட்டும் அனுப்பினேன்.

விளக்குத்தண்டு:
மகன் பதில் போட்டானா?

கடுகுவிதை:
இன்னும் இல்லை. காலையிலிருந்து நான்கு முறை பார்த்துவிட்டேன்.