புதுப்பிப்பு: திருகோணமலை வளாக மாணவர், ஊழியர் – தபால் வாக்கு யாருக்கு?

திருகோணமலையில் படிக்கும் வெளிமாவட்ட மாணவர்களும் வளாக ஊழியர்களும் தபால் மூலம் வாக்களிக்கலாமா என்று போன கிழமை கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. "முதலில் வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே இருக்கெண்டு பாருங்கோ" என்ற பதில்தான் சரியாக வந்தது. தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கம் முதலிய விவரங்களைப் போட்டுப் பார்க்கலாம்.

மாணவர் என்பதற்காகத் தபால் வாக்கு கிடையாது. விடுதியில் இருந்தாலும், பதிவு யாழ்ப்பாண வீட்டில் என்றால் அங்கே போய்த்தான் போட வேண்டும். பஸ் இருக்கையை முன்கூட்டியே பதிந்து வையுங்கள். பல்கலைக்கழக அடையாள அட்டை செல்லாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஏற்கப்படும் ஆவணம் ஒன்று வேண்டும். வாக்காளர் அட்டை கைக்கு வராவிட்டாலும் வாக்குப் போடலாம்.

தேர்தல் கடமைக்கு நியமிக்கப்பட்ட ஊழியர் தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். வாக்கெடுப்புப் பிரிவையும் இடாப்புத் தொடரிலக்கத்தையும் இடாப்பைப் பார்த்தே எழுதுங்கள், பிழைத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

எதிர்பாராதது இதுதான்: விண்ணப்பம் ஏற்கப்பட்டவர் குறித்த நாட்களில் வாக்கை அடையாளமிடத் தவறினால், தேர்தலன்று வாக்குச்சாவடிக்குப் போயும் போட முடியாது.