வெளியூரில் 'கறி' சாப்பிட்ட அனுபவம் உண்டா? இங்கே பகிருங்கள்

யோகோசுகாவாசி

டோக்கியோவுக்குத் தெற்கே யோகோசுகாவில் இருக்கிறேன். இந்தியன் என்று தெரிந்ததும் இங்கே எல்லாரும் கேட்பது, "உங்கள் வீட்டில் தினமும் கறிதானா?" என்று. ஆமாம் என்றாலும் சரியில்லை, இல்லை என்றாலும் சரியில்லை. அவர்கள் மனதில் இருப்பது அவரவர் அம்மா வைத்த 'கரே', அதாவது ஜப்பானியக் கறி.

கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி எல்லாவற்றையும் எண்ணெயில் புரட்டி, தண்ணீர் ஊற்றி வேகவிட்டார். தாளிப்பு கிடையாது. வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, சாக்லேட் பார் மாதிரி இருந்த ஒரு கட்டியை உடைத்துப் போட்டுக் கரைத்தார். திரும்பச் சிறு தீயில் வைத்துக் கிளறக் கிளறத் தளதளவென்று கெட்டியாகிவிட்டது. கட்டியில் இருப்பது கோதுமை மாவு, கொழுப்பு, மசாலாத் தூள். பிள்ளைகளுக்கும் பிடிக்கட்டும் என்று ஆப்பிளும் தேனும் சேர்த்து 1963இல் வந்த 'வெர்மான்ட் கறி'தான் பல வீடுகளில். தட்டில் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு, ஓரத்தில் 'ஃபுகுஜின்ஸுகே' என்ற இனிப்பு ஊறுகாய். ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார்கள். முதலில் இனிப்பு தெரிகிறது, காரம் வந்ததா வரவில்லையா என்று யோசிப்பதற்குள் விழுங்கிவிடுகிறோம். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன், பொய் சொல்லக் கூடாது.

குழம்பில் எதற்கு மாவு? இது இந்தியாவிலிருந்து நேரே வந்த பண்டமல்ல, இங்கிலாந்து சுற்றி வந்தது. இந்தியாவில் நம் குழம்பு தின்று பழகிய கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்கு, ஊர் திரும்பியபின் தினமும் மசாலா அரைக்க ஆளில்லை. எல்லாவற்றையும் ஒரே பொடியாக்கி டப்பாவில் விற்றார்கள். கெட்டியாக்க அவர்களுக்குத் தெரிந்த வழி மாவு. அந்த இங்கிலீஷ் கறிதான் மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) ஜப்பானுக்குக் கப்பலேறியது. 1872இல் வந்த சமையல் புத்தகங்களிலேயே செய்முறை இருக்கிறது.

ஊரெல்லாம் பரவியதில் கடற்படைக்கும் பெரிய பங்கு. வெறும் வெள்ளைச் சோறே தின்று மாலுமிகள் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டை மாற்றினால் நோய் போகும் என்று சாதித்தவர் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ. இறைச்சி, காய், மாவு எல்லாம் ஒரே அண்டாவில் வேகும் கறி கப்பலுக்குத் தோதாக இருந்தது. 1908இன் கடற்படைச் சமையல் கையேட்டில் அது இடம்பிடித்துவிட்டது. இன்றைக்கும் இவர்கள் கடற்படைக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை என்றால் கறி. நடுக்கடலில் கிழமை மறக்காமல் இருக்கத்தான் என்கிறார்கள். இந்த ஊர்க் கடைகளில் 'கடற்படைக் கறி' கேட்டால் சாலடும் ஒரு கிளாஸ் பாலும் சேர்ந்தே வரும். அந்தப் பாலுக்கு மட்டும் இன்னும் என் நாக்கு பழகவில்லை.

டர்பன்_மருமகள்

எங்க மாமியார் குடும்பம் தலைமுறை தலைமுறையா தென்னாப்பிரிக்காவுல டர்பன்தான். 1860 நவம்பர்ல 'ட்ரூரோ' கப்பல் மெட்ராஸ்லேர்ந்து ஆளுங்களை ஏத்திட்டு வந்து இங்க இறக்குச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிங்க. அதுக்கப்புறம் வந்த கப்பல்கள்ல ஒண்ணுல வந்தவங்க வழி இவங்க. வீட்ல தமிழ் பேச்சு போயிடுச்சு, ஆனா கொல்லையில கறிவேப்பிலை மரம் இருக்கு, அத்தை அதை யாரையும் வெட்ட விடமாட்டாங்க.

இங்க 'பன்னி சவ்' சாப்பிடாம ஊருக்குப் போகக் கூடாது. கால் ரொட்டி, அதாவது ஸ்லைஸ் போடாத முழு பிரெட்ல நாலுல ஒரு பங்கு. நடுவுல தோண்டி எடுத்துட்டு மட்டன் கறியை ஊத்திடுவாங்க. தோண்டின துண்டு மேல மூடியா உக்காந்திருக்கும். அதைத்தான் முதல்ல தொட்டுச் சாப்பிடணும், அப்புறம் சுவரைப் பிச்சுப் பிச்சு உள்ள போகணும். அடியில குடைஞ்சா குழம்பு மடியில கொட்டும். கூட துருவின கேரட், வெங்காயம், பச்சை மிளகாய். தட்டு வேணாம், ஸ்பூன் வேணாம். கடையில "குவார்ட்டர் மட்டன்"னு சொன்னா போதும். கறி செக்கச் செவேல்னு இருக்கும், உருளைக்கிழங்கு கரையுற அளவுக்கு வெந்திருக்கும். அத்தை கடைசி வரைக்கும் கிழங்கைத்தான் தேடுவாங்க, மட்டனை இல்ல.

லண்டன் யாழ்

இங்க 'இந்தியன் ரெஸ்ரோரன்ற்' எண்டு போர்ட் போட்ட கடை மெனுவில 'மெட்ராஸ்' எண்டு ஒண்டு கிடக்கும். ஊரில்லை, காரத்தின்ர அளவு. கோர்மா காரமில்லாதது, மெட்ராஸ் அதுக்கு மேல, விந்தாலு அதுக்கும் மேல. ஒருக்கா கடைக்காரரிட்ட "அண்ணை, நீங்கள் சென்னையோ?" எண்டு கேட்டன். சிரிச்சுப்போட்டு "சில்ஹெட்" எண்டார். இங்கத்தைய பழைய கறிக்கடையளில கனக்க பங்களாதேசத்துச் சில்ஹெட் ஆக்களின்ரதான். சென்னைக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

இதெல்லாம் புதுசுமில்லை. பட்னாவில பிறந்த தீன் முகமது எண்டவர் 1810இலயே லண்டன் ஜோர்ஜ் ஸ்ரீற்றில இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தவர். ரெண்டு வருசத்தில கடன் முட்டிப்போச்சு. பாவம், அந்தாள் கொஞ்சம் முந்திப் பிறந்திட்டார்.

குமரிக்கடல்

யோகோசுகா அண்ணே, ஜப்பானில் நம்மாள் ஒருவர் வைத்த கறி கிடையாதா?

யோகோசுகாவாசி

உண்டு தம்பி. விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ். 1912இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய சதியில் தேடப்பட்டு, 1915இல் இங்கே தப்பி வந்தவர். அவரை ஒளித்து வைத்தது டோக்கியோ ஷின்ஜுகுவின் 'நகமுராயா' ரொட்டிக்கடைக்காரர் சோமா குடும்பம். அந்த வீட்டு மகள் தோஷிகோவையே பிறகு கல்யாணம் செய்துகொண்டார். 1927இல் அந்தக் கடை சாப்பாட்டுப் பகுதி திறந்தபோது, மாவு கரைத்த இங்கிலீஷ் கறி வேண்டாம், எங்கள் ஊர்க் கறி போடுங்கள் என்று அவர் சொல்லித்தான் இந்தியக் கறி பட்டியலில் ஏறியது. எலும்போடு கோழி போட்டது. கடை அதே ஷின்ஜுகுவில் இன்றும் நடக்கிறது, கறியும் உண்டு.

சைவப்பிள்ளை

சார், அந்தக் கட்டியை வாங்கி வந்து காய் மட்டும் போட்டுச் செய்யலாமா?

யோகோசுகாவாசி

பாக்கெட்டின் பின்பக்கம் படிக்காமல் வாங்காதீர்கள். பல பிராண்டுகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். படம் எடுத்துப் போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.